பாசத்தின் காரணமாக

அப்பாவின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமுவது தெரியும். தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்தது போல இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிப்பதுதான் டயாலிசிஸ். அதைச் செய்வதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சை செய்து இணைத்துவிடுகிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். அந்த இணைப்பில் ரத்தம் பாய்கிற வேகம்தான் அந்த உறுமல். அது நின்றுவிட்டால் நேரம் காலம் பார்க்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் இரவு படுக்கப் போகும் முன் அப்பாவின் கையைத் தொட்டுப் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. அதற்கு முன் அவரைத் தொட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போனதும் எடை பார்ப்பார்கள். முடிந்ததும் மறுபடி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சிறுநீராகப் போக வழியில்லாமல் உடம்பில் தங்கிவிட்ட தண்ணீர். இரண்டரை கிலோ, மூன்று கிலோ என்று இறங்கும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

அந்த நான்கு மணி நேரங்களில்தான் கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' நாவலைப் படித்தேன். 2005இல் வெளிவந்த புத்தகம். நடைபாதைக் கடையில் தலைப்பைப் பார்த்துக் காதல் கதை என்று நினைத்து வாங்கியது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஹெயில்ஷாம் என்றொரு உறைவிடப் பள்ளி. பிள்ளைகள் படம் வரைகிறார்கள், கவிதை எழுதுகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பெற்றோரைப் பற்றிப் பேச்சே இல்லை. மெல்ல மெல்லத்தான் விஷயம் பிடிபடுகிறது. அவர்கள் நகலெடுத்து உருவாக்கப்பட்ட மனிதர்கள். வளர்ந்ததும் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வதற்காகவே வளர்க்கப்படுகிறவர்கள். இந்த இடத்துக்கு நான் வந்தபோது அப்பாவின் தலைமாட்டில் இயந்திரம் ஒலி எழுப்பியது. சிவப்பான இரண்டு குழாய்கள், ஒன்றில் ரத்தம் போகிறது, மற்றொன்றில் வருகிறது. புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, அடுத்த முறை வந்தபோதுதான் மறுபடி திறந்தேன்.

இந்த நாவலில் சர்வாதிகாரி இல்லை. ரகசியப் போலீஸ் இல்லை. சுவரில் ஒட்டிய பெரிய முகம் இல்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கார் ஓட்டுகிறார்கள், ஊர் ஊராகப் போகிறார்கள், டீ குடிக்கிறார்கள். யாரும் தப்பி ஓடுவதில்லை. உறுப்பைக் கொடுப்பதற்கு அங்கே 'தானம்' என்று பெயர். மூன்றாவது, நான்காவது தானத்தில் உயிர் போய்விட்டால் இறந்தார் என்று சொல்வதில்லை. 'நிறைவு செய்தார்' என்பார்கள். கதையைச் சொல்லும் கேத்திக்கு 31 வயது. தன் நண்பர்களை ஒவ்வொருவராக நிறைவு வரை பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்வதுதான் அவள் வேலை. அந்த வேலையை அவள் நன்றாகச் செய்கிறாள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறாள்.

எங்கள் வார்டுக்கு வெளியே நீளமான நடை. அங்கே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, "டோனர் கிடைத்துவிட்டாரா?" என்பதுதான். வீடு கிடைத்துவிட்டதா, வரன் கிடைத்துவிட்டதா என்று கேட்கிற அதே தொனி. தமிழில் கொடையாளர் என்போம், தானம் செய்பவர் என்போம். எவ்வளவு உயர்ந்த சொற்கள்! சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தன் சதையை அறுத்துத் தராசில் வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சிபியின் வழியில் வந்தவர்கள் என்றுதான் புறநானூறு சோழர்களைப் புகழ்கிறது. சதை போதவில்லை என்றதும் சிபி தானே தராசில் ஏறி உட்கார்ந்தார். குடிமக்களில் ஒருவரைக் கூட்டி வந்து ஏற்றவில்லை.

அப்பாவுக்கு ஓ பாசிட்டிவ். ஓ பிரிவுக்காரர் எல்லாருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓ பிரிவிலிருந்து மட்டுமே வாங்கலாம். எனக்கு பி. அம்மாவுக்கும் பி, போதாததற்குச் சர்க்கரை நோய். இறந்தவர்களின் உறுப்புக்கான அரசுப் பட்டியலில் பதிவு செய்திருந்தோம், வரிசை நீண்டிருந்தது.

தம்பிக்கு ஓ.

அந்த வருடம் தை மாதத்தில் அவனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவனிடம் யாரும் கேட்கவே இல்லை. அம்மா ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "வாழவேண்டிய பையனிடம் போய் எப்படிடா கேட்பது?" என்றார். நானும் தலையாட்டினேன். அப்பாவின் காதில் அந்தப் பேச்சு விழாமல் பார்த்துக்கொண்டோம். அவனும் தானாக வந்து எதுவும் சொல்லவில்லை. அவன்மீது எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. அம்மாவின் அந்த வாக்கியம்தான் என்னை விட்டுப் போகவே இல்லை. ஏனென்றால் அதற்குப் பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில், வாழவேண்டிய இன்னொருவர் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

தரகர் நாற்பது வயதுக்காரர், மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் அப்படி ஒரு மரியாதை. அவருடன் வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை தழைந்த ரவிக்கை, கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ரேஷன் கார்டு. என்னை 'சார்' என்று கூப்பிட்டார். தரகர் உடனே திருத்தினார்: "சார் கிடையாது, தம்பி. உங்கள் அண்ணன் மகன் இவர்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் அத்தை என்று கூப்பிட்டுப் பழக வேண்டும். கமிட்டியில் கேட்கும்போது தடுமாறக் கூடாது" என்றார்.

கமிட்டி என்று அவர் சொன்னது அங்கீகாரக் குழுவை. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்புகளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். உறவினர் அல்லாத ஒருவர், நோயாளிமீது கொண்ட பாசம் அல்லது பற்றின் காரணமாகக் கொடுக்க முன்வந்தால், குழு அவரை விசாரித்து அனுமதிக்கலாம். ஒன்பதாவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். நண்பனுக்காகச் சிறுநீரகம் கொடுக்க வருகிற நண்பனை எதற்காகத் தடுக்க வேண்டும்? ஆனால் சட்டப் புத்தகத்தில் பாசம் என்ற சொல் ஏறிய நாளிலிருந்து, அதை நடித்துக் காட்டச் சொல்லித்தரும் தொழிலும் பிறந்துவிட்டது.

அந்தப் பெண் பத்து நிமிடத்தில் பாடத்தைக் கற்றுக்கொண்டார். அண்ணனை எத்தனை வருடமாகத் தெரியும், அண்ணனுக்கு என்ன சமையல் பிடிக்கும், தீபாவளிக்கு அண்ணன் என்ன எடுத்துக் கொடுப்பார். ஒப்பித்து முடித்ததும் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அண்ணனுக்கு ராத்திரியில் தூக்கம் வருகிறதா தம்பி? கால் குடைச்சல் இருக்குமே?" அவருடைய மாமியாருக்கும் இதே நோய் இருந்ததாம். டயாலிசிஸ் செய்ய வழியில்லாமல் இறந்துவிட்டாராம்.

நான் அம்பத்தூரில் வளர்ந்தவன். கல்லூரிக்கு ரயிலில் போகும்போது பட்டரவாக்கம், கொரட்டூர் தாண்டி வில்லிவாக்கம் வரும். வண்டி அங்கே நிற்கும்போது எங்களில் யாராவது ஒருவன் 'கிட்னிவாக்கம் வந்தாச்சு' என்று கத்துவான். பெட்டி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்தேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தப் பகுதியின் குடிசைகளிலிருந்து அத்தனை பேர் சிறுநீரகத்தை விற்றார்கள். அதனால்தான் ஊருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரயிலில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் சிரிப்பு வந்தது.

அதே கல்லூரி நாட்களில் 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' படித்து இரவெல்லாம் தூங்காமல் பேசியிருக்கிறோம். ஒவ்வொரு குடிமகனையும் கண்காணித்து ஆளும் ஒரு கட்சியைப் பற்றிய கதை. 1949 ஜூனில் வெளியான அந்த நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர் என்பதில்கூட எங்களுக்கு ஒரு பெருமை. படித்தவர்கள் அத்தனை பேரும் அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தாகத்தான் எங்களை நினைத்துக்கொண்டோம். கண்காணிக்கப்படுகிறவர்கள் நாங்கள், ஒடுக்கப்படுகிறவர்கள் நாங்கள். டிஸ்டோபியா எனப்படும் இந்தக் கொடுங்கனவுக் கதைகள் வாசகனுக்குத் தருகிற பெரிய வசதி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கொடுமை மேலே எங்கோ கட்சித் தலைமையில் இருக்கிறது, நாம் கீழே நல்லவர்களாக இருக்கிறோம். அப்படிப் படித்துவிட்டு எழுந்து போய் வில்லிவாக்கத்தில் சிரிக்க முடிந்தது.

ஆனால் ஆர்வெல் அந்த வசதியைக் கடைசியில் பிடுங்கிவிடுகிறார். நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை. 101ஆம் அறை என்ற சித்திரவதைக் கூடத்தில் எலிக் கூண்டை முகத்தருகே கொண்டுவரும்போது வின்ஸ்டனுக்கு ஒரே ஒரு வழி தெரிகிறது. தனக்கும் எலிகளுக்கும் நடுவே இன்னொரு உடலைத் தள்ளிவிட வேண்டும். அவளுக்குச் செய்யுங்கள், எனக்கு வேண்டாம் என்று காதலி ஜூலியாவின் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். அவன் உள்ளே உடைந்துபோவது அந்த நொடியில்தான். பத்தொன்பது வயதில் அதைச் சித்திரவதையின் கொடூரம் என்று மட்டுமே படித்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது என்னை யாரும் சித்திரவதை செய்யவில்லை. கூண்டு இல்லை, எலி இல்லை. தம்பியின் உடலுக்கு முன்னால் இன்னொருவர் உடலை நகர்த்தி வைக்கிற வேலையை, மசால் வடை சாப்பிட்டபடி, கடன் வாங்கிய பணத்தைக் கணக்குப் பார்த்தபடி செய்துகொண்டிருந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய சிறுகதை ஒன்று இதை இன்னும் நேராகச் சொல்கிறது. ஓமெலாஸ் என்றொரு நகரம். கோடைத் திருவிழா, மணியோசை, குதிரைப் பந்தயம், துன்பமே இல்லாத மக்கள். அந்த நகரத்தின் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஒரு குழந்தை பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பத்து வயது, பார்த்தால் ஆறு வயது போலத் தெரியும். மூலையில் சாய்த்து வைத்திருக்கும் தரை துடைக்கும் கட்டைகளைப் பார்த்துப் பயப்படுகிறது. சில சமயம், நான் நல்ல பிள்ளையாக இருக்கிறேன், என்னை வெளியே விடுங்கள் என்று கெஞ்சுகிறது. அந்தக் குழந்தை அங்கே கிடக்கும் வரைதான் நகரத்தின் இன்பம் நிலைக்கும். இது எல்லாருக்கும் தெரியும். எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். பலர் நேரில் போய்ப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள், கோபப்படுகிறார்கள். பிறகு பழகிவிடுகிறார்கள். மிகச் சிலர் மட்டும் எதுவும் பேசாமல் நகரத்தை விட்டு நடந்து போய்விடுகிறார்கள்.

கதையின் தலைப்பே அந்த நடந்து போகிறவர்களைப் பற்றியதுதான். அவர்களை எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு அவர்கள்மீது முழு மரியாதை வரவில்லை. அவர்கள் போன பிறகும் குழந்தை அதே இடத்தில் அதே ஈரத்தரையில் கிடக்கிறது. தன் கை சுத்தமாயிற்று என்பதைத் தவிர நிலவறையில் எதுவும் மாறவில்லை. இருந்தும், நடந்து போவதற்காவது ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு என்னிடம் இருந்ததா என்பது தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிற்று. முன்பரிசோதனையில் எடுத்த ஆஞ்சியோகிராம் அப்பாவின் இதயம் அவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையைத் தாங்காது என்று காட்டிவிட்டது. மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கீகாரக் குழு, அத்தை, அண்ணன் எல்லாம் அத்தோடு நின்றன. 'நாங்கள் கடைசியில் மனசாட்சிக்குப் பயந்து விலகிவிட்டோம்' என்று நண்பர்களிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது பொய்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எடுத்த ஆய்வு ஒன்று 2002இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. விற்றவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைப்பதற்காக விற்றார்கள். விற்றுச் சராசரியாக ஆறு வருடம் ஆன பிறகும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 79 சதவீதம் பேர் மற்றவர்களை இதைச் செய்யச் சொல்ல மாட்டோம் என்றார்கள். ஏழைக்குப் பணம், நோயாளிக்கு உயிர், இரண்டு பக்கமும் லாபம்தானே என்று அந்த டீக்கடையில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட கணக்கு இந்த எண்களின் முன் நிற்கவில்லை.

ஊரின் பெயர்தான் மாறிக்கொண்டிருக்கிறது. சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பத்துப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007 ஜனவரியில் வந்தது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம், விசைத்தறித் தொழிலாளர்கள். கடன், தரகர், ஆஸ்பத்திரி என்று அதே வரிசை. ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி என்று தலைப்பு போடுகிறார்கள். ஓமெலாஸின் பிள்ளைகள் முதல் முறை நிலவறையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பி அழுவதும் அதிர்ச்சிதான்.

சிறுநீரகம் மட்டுமா? கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி இறந்தால் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று செய்தி வருகிறது. அந்த வாக்கியத்தில் கொன்றது வாயு. இறக்கிவிட்டவர் அதில் இல்லை. மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது என்பதும் அதில் இல்லை. தொட்டி யாருடைய வீட்டுடையது என்பதும் இல்லை. கேத்தியின் உலகத்தில் இறப்புக்கு நிறைவு என்று பெயர் வைத்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் அந்தச் சொல்லை உண்டாக்கியிருக்க மாட்டார்கள். தொடர்ந்து நல்லவர்களாக இருக்க ஆசைப்பட்டுத்தான் உண்டாக்கியிருப்பார்கள்.

நாவலின் கடைசிப் பகுதியில் பள்ளியின் பழைய தலைமையாசிரியை எமிலி அதைச் சொல்லிவிடுகிறார். புற்றுநோய் குணமாகும் என்று ஆன பிறகு, குணமாகாத காலத்துக்குத் திரும்பிப் போ என்று மக்களிடம் எப்படிச் சொல்ல முடியும்? அவர்களுக்குத் தங்கள் பிள்ளைகள் பிழைக்க வேண்டும், மனைவி பிழைக்க வேண்டும், பெற்றோர் பிழைக்க வேண்டும். அதனால் உங்களைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தார்கள். நினைக்க நேர்ந்தபோது, நீங்கள் எங்களைப் போன்றவர்கள் இல்லை என்று தங்களைத் தாங்களே நம்பவைத்துக்கொண்டார்கள். ஹெயில்ஷாம் பிள்ளைகளின் ஓவியங்களைச் சேகரித்துக் கண்காட்சி வைத்ததே அவர்களுக்கும் ஆன்மா உண்டு என்று நிரூபிப்பதற்காகத்தான். அதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதைக் கேட்டுக் கேத்தி திகைத்துப்போகிறாள்.

இந்தப் பக்கங்களைப் பிறகு பலமுறை படித்துவிட்டேன். பாசம் என்பது தீமைக்கு எதிர்ப்பக்கம் என்றுதான் நான் வளர்க்கப்பட்டேன். இங்கே பாசம்தான் கத்தியைப் பிடித்திருக்கிறது. பேராசைக்காரர்கள் இல்லை, அப்பாமீதும் பிள்ளைமீதும் உயிரையே வைத்திருப்பவர்கள். நம் கதைகளும் படங்களும் குடும்பத்துக்காக எதையும் செய்பவனை வீரன் என்று கொண்டாடுகின்றன. அந்த 'எதையும்' யாருடைய உடம்பில் போய் முடிகிறது என்று அவை கேட்பதே இல்லை. டிஸ்டோபியாக் கதைகளில் நல்லவை கேட்கின்றன. அதனால்தான் எதிர்காலம், இயந்திரம், கண்காணிப்பு என்று பயமுறுத்துகிற கதைகளைவிட, வில்லனே இல்லாத இந்தக் கதை என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது.

உண்மையான தானமும் நம் மாநிலத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளிக்கும் திட்டம் 2008இல் தொடங்கியது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். சாலை விபத்தில் போன மகனின் படுக்கையருகே நின்று ஒரு தாய் கையெழுத்துப் போடுகிறாரே, அதற்குத்தான் தானம் என்ற சொல் உரியது. மற்ற இடங்களிலிருந்து அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றவரை விற்றவர் என்று சொல்லலாம். வாங்கப் போனவனை வாங்கப் போனவன் என்று சொல்லலாம்.

அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் டயாலிசிஸிலேயே இருந்தார். தம்பியின் திருமணத்தில் மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

திருமணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், ஐப்பசி மழையில், என் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்தப் பெண். டீக்கடையில் ஒப்பித்துப் பார்த்த அன்று எண்ணை வாங்கி வைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சரிப்படாது என்று தரகர் அப்போதே அவரிடம் சொல்லிவிட்டாராம்.

"அண்ணன் எப்படி இருக்கிறார் தம்பி?" என்று கேட்டார்.

பரவாயில்லை, கால்வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது என்றேன். மிளகு ரசம் பிடிக்கும் என்று சொன்னீர்களே, உப்பில்லாமல் வைத்துக் கொடுங்கள் என்றார். பிறகு, தனக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்றும், அடுத்த வாரம் புதன்கிழமை என்றும் சொன்னார். வரன் அமைந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த ஆய்வை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அத்தை என்ற சொல் நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை.

போனை வைத்ததும், "யாருடா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"தெரிந்தவர்கள்" என்றேன். மணி மூன்றாகியிருந்தது. அப்பாவை எடை பார்க்க அழைத்துப் போக வேண்டிய நேரம்.